காப்பு நகலுக்குரிய வன்தட்டு கிடைக்காதபோது

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் வணிகக் கணக்குகள் இரு மாநிலங்களைத் தொட்டு நிற்பவை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே, மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலைக்குத் தருவிக்கும் சரக்கிற்கு ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி. அதையே பாறசாலையில் விற்கும்போது மத்திய, மாநில வரிகள். இவ்வரியில் பதிவு பெற்றோர், ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பேண வேண்டும். கணினியில் எழுதுவோர் ‘பேக்கப்’ எனப்படும் காப்பு நகலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அந்நகலை நம்மில் பலர் வெளி வன்தட்டில் எடுக்கிறோம். காலையில் கணினியை இயக்கியதும் ‘சேமிப்பகம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு தோன்றினால், அதை மூடிவிட்டு வேலையைத் தொடங்கலாகாது. அன்றிலிருந்தே நகலெடுப்பு நின்றிருக்கக்கூடும். வன்தட்டை ‘ஃபார்மட்’ செய்யவா எனக் கணினி கேட்டால் இசையவும் கூடாது. பழைய நகல்கள் கைவிட்டுப் போகும்.

பின்வருவனவற்றை வரிசையாகச் சோதிப்போம்.

1. வன்தட்டின் விளக்கு எரிகிறதா? எரியாவிடில் மின்னிணைப்பைப் பார்த்து, கம்பியைக் கணினியிலேயே நேரடியாகச் செருக வேண்டும்.

2. விளக்கு எரிந்தும் நகல் எடுக்கப்படவில்லையா? விண்டோஸ் கணினியில் வன்தட்டின் அடையாள எழுத்து மாறியிருக்கலாம். பென் டிரைவ் ஒன்று முன்னரே அவ்வெழுத்தைப் பெற்றிருந்தால் மென்பொருள் தன் இடத்தைக் காணாது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில், அகரவரிசையின் இறுதியிலுள்ள எழுத்தொன்றை வன்தட்டுக்கு ஒதுக்கி, மென்பொருளிலும் அதையே குறிக்கலாம்.

3. சற்று நேரங்கழித்து வன்தட்டு தானே தோன்றுகிறதா? வன்தட்டு ஆயத்தமாகுமுன் மென்பொருள் முந்திக்கொண்டது என்பது பொருள். நகலெடுப்பு 10 நிமிடங்கள் தாமதித்துத் தொடங்குமாறு அமைக்கலாம். மின்தடைக்குப் பின் ரவுட்டர் மெதுவாக உயிர்பெறுவதால், வலையமைப்பு வன்தட்டுக்கும் இது பொருந்தும்.

4. கடவுச்சொல்லால் பூட்டிய வன்தட்டாயின், முதலில் பூட்டைத் திறக்க வேண்டும்.

சரிசெய்தபின் நகலெடுப்பை நாமே ஒருமுறை இயக்கி, தேதியைப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் பழைய விலைப்பட்டியல் ஒன்றை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பார்ப்பதும் நன்று. வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியிடம் மீண்டும் பெறலாம். கடையின் சரக்கிருப்பையும் வரவேண்டிய கடனையும் அவ்வாறு கேட்டுப் பெற இடமில்லை.