உள்ளங்கால் மறுவும் மரபணுவும்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் உள்ளங்காலில் இருந்த கறுப்பு மறு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி மரபணுக்களை வைத்து நோயின் போக்கைச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: ஓரளவு முடியும், மகளே. வெட்டியெடுத்த கட்டியில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்பெரான் காமா என்ற புரதம் சார்ந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தால், உடலின் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் உள்ளே புகுந்து போராடுகின்றன என்று பொருள். பொதுவாக அது நல்ல அறிகுறி. அந்தச் செல்களின் தடையை நீக்கும் வழியைக் கண்டதற்கே விஞ்ஞானிகள் அலிசனும் ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் இந்தக் கணிப்புகள் பெரும்பாலும் வெயிலால் நோய் வந்த வெள்ளைத் தோல்காரர்களின் தரவில் உருவானவை. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். 1981இல் பாடகர் பொப் மார்லியின் உயிரைப் பறித்ததும் கால்விரலில் தொடங்கிய இதே வகைதான். இதற்கு வெயில் முக்கிய காரணமல்ல. மரபணு மாற்றங்களும் குறைவு என்பதால் எதிர்ப்புச் சக்தி இதை எளிதில் அடையாளம் காண்பதில்லை. அந்தக் கணிப்பை அம்மாவுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

இப்போது கேட்க வேண்டியவை: கட்டியின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர்? மேலே புண்ணாகியிருக்கிறதா? இடுப்புமடிப்பு நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கிறதா? பச்சிலை கட்டி நாள் கடத்தாதீர்கள். மஹரகம அபேக்ஷா அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலை; அங்கே சிகிச்சை இலவசம். பரிசோதனை அறிக்கையுடன் இந்த வாரமே அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள்.