மழுங்கிய மூலைக்கும் ஒரு விலை உண்டு

நியூ ஜெர்சி கார்டு ஷோக்களில் ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடினால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். யாரோ பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு கொண்டுவந்திருப்பார்; இல்லையென்றால், யாரோ கொண்டுவந்த கார்டில் கைவைத்திருக்கிறார்கள் என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும். பழைய பேஸ்பால் கார்டுகளையும் இங்கிலாந்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த கிரிக்கெட் கார்டுகளையும் சேர்க்கிறவன் நான். இரண்டாவது வகைக் கூட்டத்தில்தான் அதிகம் நின்றிருக்கிறேன். கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

பழைய கார்டைச் சீர்செய்தால் மதிப்புப் போய்விடுமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இது: உங்கள் கார்டுக்கு விலை எதனால் வருகிறது? கிடைக்காத கார்டு என்பதாலா, கெடாத கார்டு என்பதாலா?

மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 311. அதற்கு இருக்கும் பெயரை வைத்துப் பார்த்தால், அது அப்படியொன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. 1952 தொகுப்பில் அந்தக் கார்டு இருந்த கடைசிப் பகுதி அப்போது சரியாக விற்கவில்லை. மிஞ்சிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியும் தப்பிப் பிழைத்தவை ஏராளம். 2022 ஆகஸ்டில் அவற்றில் ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. எஸ்.ஜி.சி. நிறுவனம் பத்துக்கு 9.5 தரம் கொடுத்த கார்டு அது. அதே கார்டு மடிப்பு விழுந்து, மூலைகள் உருண்டு போயிருந்தால் சில பத்தாயிரம் டாலர். படம் ஒன்றுதான், அச்சு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். இடையில் இருக்கும் அத்தனை டாலரும் மூலைக்கும் ஓரத்துக்கும் மேற்பரப்புக்கும்தான். இந்த வகைக் கார்டில் ஒருவர் மூலையைக் கூராக்கினால், எதற்காகப் பணம் கொடுக்கிறார்களோ அதையே அவர் போலியாகத் தயாரிக்கிறார். சந்தை மன்னிக்காததில் வியப்பில்லை.

இப்போது இன்னொரு பேஸ்பால் வீரர், ஹோனஸ் வாக்னருக்கு வருவோம். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட டி206 வரிசையில் வாக்னரின் கார்டு தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. இன்று உலகத்தில் இருப்பவை ஏறத்தாழ 60. இங்கே விலை, கிடைக்காததற்கு. 2021இல் ஒரு வாக்னர் கார்டின் பாதி, ஆமாம், கிழிந்துபோன பாதி, நாலரை லட்சம் டாலருக்கு மேல் போனது. மறுபாதியை யாரும் ஒட்டவைக்கவில்லை, மூலையைத் தீட்டவில்லை. கிழிசலைக் கிழிசலாகவே வாங்கினார்கள்.

வாக்னர் கார்டுகளிலேயே பேர்போன ஒன்றில்தான் இந்த இரண்டு விலைகளும் முட்டிக்கொள்கின்றன. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு பங்காளியோடு சேர்ந்து 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கிய கார்டு அது. அப்போதுதான் தொடங்கியிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் தரம் பார்த்ததும் அதைத்தான். 8 என்று எண் போட்டது. அத்தனை வயதான கார்டுக்கு அவ்வளவு நேர்த்தியான ஓரமா என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், அதை முன்பு விற்றவரான ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, வேறொரு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் பக்கவாட்டை வெட்டியது தான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார். சிறைக்கும் போனார்.

இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, வெட்டியும் விலை ஏறியிருக்கிறதே" என்பார்கள். ஏறியது, வெட்டியது வெளியே வராதவரை. அதைவிட முக்கியம், அது வாக்னர். சாதாரண டி206 ஒன்றில் அதே கத்தியை வைத்தால் என்ன கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்: 'அசல், ஆனால் மாற்றப்பட்டது' என்று ஒரு சீட்டு. எண் கிடையாது. வெட்டியது, நிறம் தீட்டியது, மூலை கட்டியது, ரசாயனத்தால் வெளுத்தது எல்லாவற்றுக்கும் பி.எஸ்.ஏ. பட்டியலில் தனித்தனிக் குறியீடே உண்டு. எண் இல்லாத கார்டு, எண் 1 வாங்கிய அழுக்குக் கார்டைவிடக் கீழே விற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் இதில் கொஞ்சம் தாராளம். சி.ஜி.சி. நிறுவனம் சீர்செய்த காமிக்ஸுக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டுகிறது. என்ன செய்தார்கள் என்று எழுதுகிறது. தர எண்ணும் கொடுக்கிறது. விலை குறைவுதான், ஆனால் புத்தகம் ஆட்டத்தில் இருக்கிறது. பழைய சினிமா போஸ்டரைத் துணியில் ஒட்டி நிமிர்த்துவதை யாரும் குற்றமாகவே பார்ப்பதில்லை. கார்டு உலகமும் அந்த ஊதாச் சீட்டைக் கடன் வாங்கலாம் என்பது என் கட்சி. எண்ணே கிடையாது என்று கதவைச் சாத்துவதால்தான் செய்ததை மறைக்கிறார்கள்.

சரி, எதையுமே தொடக்கூடாதா? தொடலாம். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதை எடுக்கலாம். கார்டின் உடம்பில் இருப்பதை எடுக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு நான் துணிந்து செய்யும் ஒரே பெரிய வேலை, பழைய ஆல்பத்தில் ஒட்டிய கார்டை ஊறவைத்துப் பிரிப்பது.

நூறு வருடத்துக்கு முந்தைய பிள்ளைகள் மாவுப் பசையில்தான் கார்டுகளை ஒட்டினார்கள். அது தண்ணீருக்கு இளகும். ஆல்பத் தாளைக் கார்டைச் சுற்றி வெட்டிக்கொண்டு, அகலமான தட்டில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி மிதக்கவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், வெந்நீர் கூடவே கூடாது. பிறகு, சும்மா இருக்க வேண்டும். இதுதான் பலருக்கு முடியாத காரியம். தாளைப் பிடித்து இழுத்தால் கார்டின் பின்பக்கத் தோல் தாளோடு போய்விடும். எந்த சிகரெட்டோடு வந்தது என்ற விவரம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. டி206இல் சில பின்பக்கங்கள் முன்பக்க முகத்தைவிட விலை கூடியவை. தாள் தானாக விலகும்வரை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு ராத்திரியும் ஆகலாம். விலகியபின் மிச்சப் பசை வழவழவென்று கையில் தட்டுப்படும். புதுத் தண்ணீரில் அதை விரல் நுனியால் ஒதுக்கிவிட வேண்டும், நகம் படக்கூடாது. நனைந்த அட்டையில் மை எளிதில் உரியும், அதனால் படத்தின் பக்கம் விரலையே கொண்டுபோகாதீர்கள். பிறகு இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம். தினம் ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். முழுக்கக் காயாமல் எடுத்தால் கார்டு அப்பளம் மாதிரி வளையும்.

இப்படிப் பிரித்த கார்டுகள் தர எண் வாங்கி வருவது சாதாரணம். பழைய கார்டுக்காரர்களில் பெரும்பாலானோர் இதைத் தவறாகவும் நினைப்பதில்லை. எல்லாவற்றையும் தண்ணீரில் போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1880களின் ஓல்ட் ஜட்ஜ் கார்டுகள் அட்டையில் ஒட்டிய அசல் புகைப்படங்கள். நனைத்தால் படம் வேறு, அட்டை வேறு. பேனா மையில் கையெழுத்திட்ட கார்டு, பளபளப்புப் பூச்சுள்ள கார்டு, செலோ டேப் ஒட்டிய கார்டு எதுவும் தண்ணீர்ப் பக்கம் வரக்கூடாது. 1930களில் ஜான் பிளேயர் சிகரெட் நிறுவனம் வெளியிட்ட பல தொகுப்புகளில் கார்டின் பின்புறத்திலேயே பசை தடவித்தான் கொடுத்தார்கள். ஆல்பத்தில் ஒட்டப்படாமல் பிழைத்த கார்டுக்கு அந்தப் பசையும் அசலின் ஒரு பகுதி. அழுக்கைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணி வைத்தால் அது போச்சு. ஏற்கெனவே ஒட்டிய பிளேயர் கார்டுகளோ மலிவாகக் கிடைக்கும். ஊறவைத்துப் பழக விரும்புகிறவர்கள் அவற்றில் கைபழகிவிட்டு டி206க்கு வரலாம்.

வேறு என்ன செய்யலாம்? சூயிங்கம் பொட்டல மெழுகு ஒட்டிய டாப்ஸ் கார்டை நைலான் காலுறையால் மெல்லத் தேய்த்தால் மெழுகு போகும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடிப்பின் மேல் கரண்டியின் முதுகை வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. உள்ளே முறிந்த நார் முறிந்ததுதான், ஈரக்காற்றுப் பட்டால் கோடு மறுபடி தலைகாட்டும். பென்சில் எழுத்தையும் நான் அழிப்பதில்லை. ஆட்டக்காரர் அணி மாறியதும் அந்தக் காலத்துப் பையன்கள் கார்டின் மேல் புது அணியின் பெயரை எழுதிவைப்பார்கள். அழித்தாலும் பள்ளம் நிற்கும். சாய்வான வெளிச்சத்தில் அணியின் பெயரைப் படித்துவிடலாம்.

எடிசனில் இருக்கும் நம்மூர் நண்பர் ஒருவர் 1971 டாப்ஸ் ராபர்டோ கிளெமென்டே கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வருடத்து டாப்ஸ் கார்டுகளுக்குக் கறுப்பு விளிம்பு. லேசாக உரசினாலே வெள்ளை தெரியும், கெட்ட ராசி.

"அண்ணே, இந்த ஓரத்துல மட்டும் கறுப்பு மார்க்கர் ஒரு இழுப்பு இழுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"விக்கும்போது சொல்லுவியா தம்பி?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலைன்னா?"

அவர் சிரித்துவிட்டு கார்டை உறைக்குள் வைத்தார். யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கும் அன்றே பதில் காட்டினேன். என்னிடம் மார்க்கர் தீட்டிய 1971 கார்டு ஒன்று இருக்கிறது, இதற்காகவே வைத்திருப்பது. விளக்கின் கீழ் சாய்த்தால் அச்சு மையும் மார்க்கர் மையும் வெவ்வேறு விதமாக மின்னும். அதைவிடச் சுலபம், கார்டைச் செங்குத்தாகத் திருப்பி அதன் கனத்தைப் பார்ப்பது. வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டையின் வெட்டுமுகத்தில் கறுப்பு ஊறி இறங்கியிருக்கும்.

வாங்குகிறவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: நல்ல லென்ஸ், ஒரு சிறிய புற ஊதா விளக்கு, அதே தொகுப்பைச் சேர்ந்த மலிவான கார்டு ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனங்கள் பரவலாகச் சேர்ந்தன. அதனால் 1910ஆம் ஆண்டுக் கார்டு ஒன்று புற ஊதா வெளிச்சத்தில் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அட்டையே பொய். ஒரு மூலை மட்டும் பளிச்சிட்டால் அங்கே வேறு காகிதக் கூழ் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெட்டைக் கண்டுபிடிக்க அளவுகோல் மட்டும் போதாது. டி206 கார்டின் அளவு ஏறத்தாழ 36க்கு 67 மில்லிமீட்டர் என்றாலும் தொழிற்சாலையிலேயே கூடவும் குறையவும் வெட்டியிருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தும் வெட்டுப்பட்ட கார்டுகள் இருக்கின்றன. பெரிதாகப் பிறந்தவை அவை. ஓரத்தைப் பாருங்கள். மூன்று ஓரம் மழுங்கி நூறு வயதைக் காட்ட, நான்காவது மட்டும் நேற்று வெட்டியதுபோல் நின்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2019இல் வெளிவந்த பெரிய வெட்டு விவகாரத்தைச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்தது இன்னும் எளிய வழியில்: பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சுப் புள்ளி ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். தரம் குறைந்த கார்டாக விற்றது, மெலிந்து, தரம் உயர்ந்த கார்டாகத் திரும்பி வந்திருந்தது.

நான் ஊறவைக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் முன்னும் பின்னும் படம் எடுக்கிறேன். என்ன செய்தேன் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி உறைக்குள் கார்டின் பின்னால் வைக்கிறேன். என்னிடமிருந்து வாங்குகிறவர் அந்தச் சீட்டை வைத்திருப்பார் என்று நம்பலாம். அவரிடமிருந்து வாங்குகிறவர் வைத்திருப்பாரா என்பதற்கு உத்தரவாதமில்லை. சீர்செய்த கார்டின் பெரிய சிக்கலே இதுதான். முதல் விற்பனையில் உண்மை சொல்லப்படுகிறது, விலை குறைகிறது, சரி. மூன்றாவது கையில் சீட்டு தொலைந்து, கார்டு மறுபடி 'தொடாத' கார்டாகி, முழு விலைக்குப் போகிறது. என்றைக்காவது தரம் பார்க்க அனுப்பும் அப்பாவியின் தலையில் நஷ்டம் விடிகிறது. முதலில் தீட்டியவர் அப்போது எங்கேயோ இருப்பார். மூலை கட்டுவதையும் நிறம் தீட்டுவதையும், சொல்லிவிட்டுச் செய்தால்கூட நான் தவிர்ப்பது இதனால்தான்.

ஆனால் மற்றவர்கள் சீர்செய்த கார்டை வாங்கமாட்டேன் என்று நான் சபதம் எடுத்ததில்லை. விற்கிற எண்ணமில்லாமல் தொகுப்பில் ஓர் ஓட்டையை அடைக்க மட்டும் வேண்டுமென்றால், 'மாற்றப்பட்டது' என்ற சீட்டோடு வரும் கார்டு நல்ல பேரம். நல்ல தரத்தில் நம்மால் எட்டமுடியாத முகங்கள் அந்த வழியில் வீட்டுக்கு வரும். கேட்க வேண்டிய விலை, அதே கார்டின் மிகத் தாழ்ந்த தரத்து விலைக்கும் கீழே. விற்கிறவர் "பார்வைக்கு ஏழு மாதிரி இருக்கே" என்பார். பார்வைக்கு என்று அவரே சொல்லிவிட்டதால், அங்கிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.