அரிதினும் அரிது என்று எழுதுவதற்கு முன்

தியாகதுருகத்திலிருந்து நீதிமன்றச் செய்திகளை எழுதத் தொடங்கியிருக்கும் இளம் நிருபருக்கு,

ஒன்று எவ்வளவு அரிதாக நிகழ்கிறது என்பதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களுள் பெரும்பாலானவை செய்தியாளருக்குத் தொல்லை தருவதில்லை. அதிகாரி ஒருவர் பேட்டியில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால், 'அத்தி பூத்தாற்போல' என எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் முழுநிலவும் இன்று 'ப்ளூ மூன்' எனப்படுகிறது என்பதும், அந்நிலவு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது என்பதும் செய்திக்கு வேண்டாதவை. நீதிமன்றத்தில் புழங்கும் 'ரேரஸ்ட் ஆஃப் ரேர்' என்ற தொடருக்கு, அதாவது தமிழ் நாளிதழ்கள் 'அரிதினும் அரிதான வழக்கு' என எழுதும் தொடருக்கு, இந்தச் சலுகை கிடையாது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கு அதைவிடக் குறைந்த தண்டனை அளிக்கும் நீதிபதியே அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1955இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் சட்டமோ 354(3)ஆம் பிரிவின் வழியே நிலையைத் தலைகீழாக்கி, மரண தண்டனை விதிப்பவரே 'சிறப்புக் காரணங்கள்' காட்ட வேண்டும் என்றது. அப்பிரிவுக்கு விளக்கம் சொன்ன பச்சன் சிங் வழக்கில் (1980), ஐந்து நீதிபதிகளுள் நால்வர் மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று கூறியதோடு, அரிதினும் அரிதான வழக்குகளில், ஆயுள் தண்டனை என்னும் மாற்றுவழி ஐயத்துக்கிடமின்றி அடைபட்டுவிட்ட நிலையில் மட்டுமே அதை விதிக்கலாம் என வரையறுத்தனர். நாளிதழ்கள் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டன.

இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. கல்வராயன் மலைச் சிற்றூரொன்றில் அதுவரை யாரும் கேள்விப்படாத கொடுமை நடந்துவிட்டால், அது இதுவரை நடவாதது என்பதாலேயே நிருபரின் பேனா இத்தொடரை எழுதிவிடுகிறது. அப்பெரும்பான்மைத் தீர்ப்பை முழுமையாகப் படிப்பவருக்கு, அரிதாக இருக்க வேண்டியதாக அது கருதியது தண்டனையையே என்பதும், குற்றத்தோடு குற்றவாளியின் வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றையும் எடைபோடச் சொன்னது என்பதும் விளங்கும். பழி முழுவதையும் நிருபர்கள்மேல் போடுவதும் நியாயமன்று. 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே கொலையின் முறை, நோக்கம், அளவு போன்ற வகைகளை வகுத்து, கவனத்தைக் குற்றத்தின் பக்கம் பெரிதும் திருப்பிவிட்டது.

தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கு இவ்வளவுகோலின் நிலையாமையைக் காட்டும். 2000 பிப்ரவரியில் வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் உயிரிழந்த அவ்வழக்கில், சேலம் நீதிமன்றம் 2007இல் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. 2016இல் மறுஆய்வின்போது, கும்பல் வெறியின் வேகத்தில் நிகழ்ந்தது எனக் கருதிய அதே உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நிகழ்ச்சி மாறவில்லை, உயிரிழப்பும் மாறவில்லை; 2010இல் 'அரிதினும் அரிது' எனத் தம் சொந்தக் கூற்றாக எழுதிய நிருபர், 2016இல் எதை எழுதியிருப்பார்?

ஆகவே இத்தொடரைச் சொன்னவர் அரசு வழக்கறிஞரா, நீதிபதியா என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுவது நலம். தலைப்பில் மேற்கோள் குறியின்றி அது வரலாகாது. தீர்ப்பின் நகல் கையில் கிடைத்ததும், குற்றத்தை வருணிக்கும் பக்கங்களைத் தாண்டி, தண்டனைக்கான சிறப்புக் காரணங்கள் கூறும் பகுதியை முதலில் படிக்க வேண்டும். குற்றவாளியின் மனநலம், குடும்பச் சூழல், சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை விசாரணைக் கட்டத்திலேயே பெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் மனோஜ் வழக்கில் கூறியிருப்பதால், அவை பெறப்பட்டனவா என்று கேட்பதும் நிருபரின் வேலையே. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை நிறைவேற்றத்தக்கதன்று என்ற ஒரு வரியை, பக்கத்தில் இடமில்லை என்று செய்தி ஆசிரியர் சொன்னாலும், வெட்ட விடலாகாது.