பிளாக் பண்ணியும் வருவது ஏன்?

ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் கடல் தாண்டிப் போகின்றன. விசாரணை, விலை, கன்டெய்னர் புக்கிங் எல்லாம் பெரும்பாலும் மெயிலில்தான் நடக்கும். லாட்டரிப் பரிசும், உடனடிக் கடனும், 'உங்கள் வெப்சைட்டை கூகுள் முதல் பக்கத்தில் நிறுத்துகிறோம்' என்ற வாக்குறுதியும் அதே இன்பாக்ஸில்தான் வந்து விழுகின்றன. இவற்றை விரட்டுவது பற்றி ஆளுக்கொரு நம்பிக்கை உலவுகிறது.

"பிளாக் பண்ணியாச்சுங்க, இனி வராது." பாதிதான் சரி. ஜிமெயிலில் ஒரு முகவரியை பிளாக் செய்தால், அதிலிருந்து வருபவை ஸ்பேம் பெட்டிக்குப் போகும், அவ்வளவே. குப்பை மெயில் அனுப்புகிறவரோ நாளுக்கொரு முகவரியில் வருவார். 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்ற மெயில் நெறிமுறை, அனுப்புநர் சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடும். தபால் உறையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் போடலாமே, அந்த மாதிரி. சொந்த முகவரியிலிருந்தே தனக்கு மிரட்டல் மெயில் வருவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். பிளாக்கை விட 'ரிப்போர்ட் ஸ்பேம்' பொத்தானுக்குப் பலன் அதிகம். ஸ்பேம் வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

"1909இல் டிஎன்டி பதிந்தால் மெயிலும் நின்றுவிடும்." நிற்காது. டிராய் அமைப்பின் அந்த விதிகள் போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமே. தொல்லை தரும் மெயிலைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ரத்தானது நல்லதுதான், விளம்பர மெயிலுக்கென்று தனிச் சட்டம் வராமல் போனதுதான் குறை.

பணத்தில் கை வைக்கும் நம்பிக்கை வேறொன்று: "ஸ்பேம் பெட்டியில் குப்பைதானே கிடக்கும்?" முன்பின் தெரியாத வெளிநாட்டு வியாபாரி ஒருவர், 5 கிலோ கட்டி, உப்புத்தன்மை குறைந்த 'லோ ஈசி' சரக்கு, 40 அடி கன்டெய்னருக்கு விலை என்ன என்று கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது முகவரி, கூடவே ஓர் இணைப்பு. வடிகட்டி சந்தேகப்பட இதுவே போதும். ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். சாதாரணமாகத் தேடினாலும் அகப்படாது. ஸ்பேமையும் டிராஷையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. ஆங்கிலத்தில் 'காயர்' என்ற சொல் வரும் மெயிலுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதை டிக் செய்துவிடலாம். வாரம் ஒருமுறை பெட்டியைப் புரட்டிப் பார்ப்பதும் நல்லது.

எதிர்த்திசையில், நாம் அனுப்பும் மெயிலுக்கும் இதே சிக்கல். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பிடியை இறுக்கியுள்ளன. எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற சரிபார்ப்புப் பதிவு ஒவ்வொரு அனுப்புநருக்கும் தேவை. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர் இரண்டையும் வைத்து, டிமார்க் என்ற பதிவையும் சேர்க்க வேண்டும். கம்பெனி பெயரில் சொந்த டொமைன் வாங்கிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால், ஆலைக்காரர் அனுப்பும் கொட்டேஷனே வாங்குபவரின் ஸ்பேமில் கிடக்கும். "மெயில் போட்டு பத்து நாளாச்சு, பதிலே இல்லீங்க" என்ற புலம்பலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அன்சப்ஸ்க்ரைப்? தெரிந்த கடை, வங்கி என்றால் தாராளமாக அழுத்தலாம். அறியாத ஆள் என்றால், அந்த அழுத்தலே 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

"வடிகட்டியைத் தாண்டி வந்ததால் நம்பலாம்" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சப்ளையரின் கணக்கையே திருடர் கைப்பற்றிவிட்டால், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்' என்ற மெயில் அசல் முகவரியிலிருந்தே, எல்லாச் சரிபார்ப்பும் தேறி, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வரும். எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். பணம் போய்விட்டதென்றால், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுவதற்கு முன், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் புகார் சேர்ந்தால்தான் திருடரின் கணக்கை முடக்க வழி கிடைக்கும்.