பழந்துப்பாக்கியைத் தேய்க்காதீர்கள்

ஆயர் ஈத்தாம் பீங்கான் கடைகளில் ஜாடியை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குவோம். விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அந்த வழி இல்லை. கண்ணால் படித்துத்தான் அறிய வேண்டும். 1831-32 நானிங் போருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி மலாக்காவுக்கு அனுப்பியது, தமிழர்களும் பணியாற்றிய மெட்ராஸ் படையை. அந்தக் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் நம்மவர் கதையும் இருக்கிறது. அதைத் தவறான நம்பிக்கைகளால் கெடுத்துவிடக் கூடாது.

நம்பிக்கை: இருநூறு வருடப் பழசு, இனி வெடிக்காது.
உண்மை: குழலுக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே கிடக்கும் துப்பாக்கிகள் இன்றும் அகப்படுகின்றன. ஈரம் படாத கருமருந்து எத்தனை காலமானாலும் தீப்பற்றும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பரணில் கண்டெடுத்தால் கைவைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். ஆராய்ச்சியெல்லாம் அதன் பிறகுதான்.

நம்பிக்கை: தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும்.
உண்மை: குறையும். கம்பெனித் துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் கிரீடம் ஏந்திய சிங்கம் ஒன்று, கட்டைவிரல் நகத்தளவே, மெல்லிதாகப் பதிந்திருக்கும். உப்புத்தாள் பட்டால் முதலில் மறைவது அந்தச் சிங்கம்தான். இரும்பில் படிந்த கரும்பழுப்பு அழுக்கல்ல, வயதின் சாட்சி. எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

நம்பிக்கை: லண்டன் டவர் ஆயுதச்சாலையைக் குறிக்கும் 'டவர்' என்ற எழுத்து இருந்தால் அசல்.
உண்மை: அந்த எழுத்தைப் பொறித்து எத்தனையோ நகல்கள் வந்துவிட்டன. எழுத்தை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். கம்பெனிப் படை ஏந்திய 'இந்தியா பேட்டர்ன்' வகைத் துப்பாக்கிக்குக் குழல் 39 அங்குலம். அதைவிடக் குட்டையாக இருந்து, வாயருகே துப்பாக்கிக் கத்தியைப் பூட்டும் குமிழும் இல்லையென்றால், யாரோ பிற்பாடு குழலை அறுத்திருக்கக் கூடும்.

நம்பிக்கை: சக்கிமுக்கிப் பூட்டு இருந்தால் எதையும் மாற்றவில்லை என்று பொருள்.
உண்மை: 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பல துப்பாக்கிகளைக் கேப்பு வைத்துச் சுடும்படி மாற்றினார்கள். விலைக்காக அவற்றையே மறுபடி சக்கிமுக்கியாக்கியவர்களும் உண்டு. தீத்துளையை உற்றுப் பாருங்கள். பலமுறை சுட்ட துப்பாக்கியில் அதன் சுற்றுப்புறம் மருந்துப் புகையால் அரித்துக் குழிவிழுந்திருக்கும். குழலெல்லாம் அரித்திருக்க, அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால், மறுபடி மாற்றியபோது போட்ட துளையோ என்று சந்தேகப்படுங்கள்.

நம்பிக்கை: ஒட்டுப்போட்ட துப்பாக்கி போலி.
உண்மை: கட்டை மிக மெலிந்திருக்கும் பிடிக்கழுத்து எளிதில் விரியும். அந்த விரிசலைப் பித்தளைத் தகடு வைத்து இறுக்கி, மீண்டும் கையில் ஏந்தினார்கள். தகட்டின் விளிம்பு தேய்ந்து மரத்தோடு மரமாக இழைந்திருந்தால், அது துப்பாக்கி உழைத்த காலத்திலேயே போட்ட ஒட்டாக இருக்கக் கூடும். அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கட்டை பொருத்தினால் சிப்பாயின் கை பட்ட இடமே போய்விடும்.