முதலில் பெயர், பிறகு பிரதி

வீட்டுக் கணினியில் பாட்டு சேர்ப்பவர்களிடம் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். ஒன்று, இன்று அழிந்தாலும் நாளையே வேறெங்காவது தேடி எடுத்துவிடக்கூடிய சினிமாப் பாட்டு. மற்றது, நம் வீட்டைத் தவிர எங்கும் இல்லாதது: தாத்தா டேப்பில் பதிந்த கோயில் கச்சேரி, அத்தை கல்யாண நாகஸ்வரம், பாட்டியின் தாலாட்டு. இரண்டையும் பல வருஷமாகப் பராமரித்ததில் நான் கண்டது, மறுபடி கிடைக்காததற்கே முதல் கவனிப்பு என்பதுதான். என் கணினியில் மேல்மட்டத்தில் மூன்றே ஃபோல்டர்கள்: சினிமா, கச்சேரி, வீட்டுப் பதிவு.

சினிமா: படத்தோடு வருஷம்

‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இலும் வந்தது, 2010இலும் வந்தது. முன்னதற்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி, பின்னதற்கு ஜி.வி.பிரகாஷ்குமார். ‘பில்லா’வும் அப்படித்தான்: 1980, 2007. வருஷம் இல்லாவிட்டால் பல பிளேயர்கள் இரண்டு படத்தையும் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடும். அதனால் ஃபோல்டர் பெயரிலும், பாட்டுக்குள் இருக்கும் ‘ஆல்பம்’ கட்டத்திலும் வருஷத்தைச் சேர்த்தே எழுதுகிறேன்.

இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கணினிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள். ஒரே எழுத்துமுறையை முடிவு செய்துகொள்ளுங்கள். எம்பி3டேக் மென்பொருளில் எல்லாப் பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்றிவிடலாம். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியேற்றக் காலத்தில் தமிழில் பெயரிட்ட கோப்புகள் இன்று புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடில் திருத்தி வையுங்கள்.

கச்சேரி: ராகம் தலைப்பிலேயே

‘எந்தரோ மஹானுபாவுலு - ஸ்ரீ - ஆதி’ என்று எழுதினால், ராகத்தைத் தட்டினாலே பாட்டு வந்து நிற்கும். இசையமைப்பாளர் கட்டத்தில் தியாகராஜர், பாடகர் கட்டத்தில் வித்வான் பெயர். பக்கவாத்தியம், சபா, தேதி எல்லாம் குறிப்புக் கட்டத்துக்கு.

வீட்டுப் பதிவு: தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்

‘டிராக் 07’ என்ற பெயர் யாருக்கும் எதையும் சொல்லாது. ‘1987-05 - அத்தை கல்யாணம் - நாகஸ்வரம் - கேசட் 2 பி பக்கம்’ என்று இருந்தால் பேரனுக்கும் புரியும். வருஷம், மாதம் என்ற வரிசையில் தொடங்கினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தேதியில் சந்தேகம் என்றால் ‘1987 வாக்கில்’ என்று எழுதுங்கள். கேள்விக்குறி போட வேண்டாம்; கோப்புப் பெயரில் அதை விண்டோஸ் ஏற்காது. கேசட் அட்டையில் இருக்கும் கிறுக்கலைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

கேசட்டை ஆடாசிட்டி மென்பொருளில் பதியும்போது முதல் பிரதியை ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். இரைச்சல் நீக்குவதையெல்லாம் வேறு பிரதியில் செய்யுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேர ஒலி வேவ் வடிவில் சுமார் 600 எம்பி. ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதி, தரம் குறையாது. எம்பி3 ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டே சேமிக்கிறது. போனுக்கு அது போதும். அதை அப்புறம் ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது.

மூன்று பிரதிகள்

கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. கிளவுடில் இடம் போதாதென்றால் வீட்டுப் பதிவை மட்டுமாவது ஏற்றுங்கள்.

நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். எப்போதும் செருகியே கிடந்தால் வைரஸ், மின்னல், கைதவறி அழிப்பது எல்லாம் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே பதம் பார்க்கும். தானாக ஒத்திசையும் கிளவுட் ஃபோல்டரையும் முழுக் காவலாக நம்ப முடியாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வீட்டில் எழுதிய பழைய சிடிக்களின் சாயப் படலம் காலப்போக்கில் கெடும் என்பதால், படிக்க முடிகிறபோதே அவற்றையும் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

அவ்வப்போது டிஸ்கைச் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாட்டைத் திறந்து கேட்டுப் பாருங்கள். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புக் குறி இருக்கும்; கோப்பு கெட்டிருந்தால் சோதனையில் தெரிந்துவிடும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தால் வேறெதுவும் செய்யாமல் வீட்டுப் பதிவு ஃபோல்டரை முதலில் வெளியே எடுங்கள். சினிமா காத்திருக்கும்.

கேசட்டை அடுத்த மாதம்கூடக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் பாடுவது யார், எந்த ஊர், எந்த விசேஷம் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.