பிரான்ஸ் போகிறீர்களா? டெல்டாக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அதனால் காவிரி டெல்டாவில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவு உண்டு. அவர்கள் அனுப்பும் ஈஃபிள் கோபுரப் படங்களை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

* பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர், தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கட்டும். சான்றிதழுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

* குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசா என்றால், போய் இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிந்தாக வேண்டும்.

* வாடகைக்கு வீடு கேட்டால் பெரும்பாலும் 3 மாதச் சம்பளச் சீட்டும் ஜாமீன்தாரரும் கேட்பார்கள். தங்க இடத்தை இங்கிருந்தே பேசி முடியுங்கள்.

* கடையில் நுழைந்ததும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

* டிசம்பரில் பாரிஸ் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். ஊர் ஞாபகம் வாட்டும். அங்கே லா சப்பேல் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளில் புழுங்கலரிசி, கறிவேப்பிலை கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயிலும் அந்தப் பக்கம்தான்.

மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் ஆங்கிலம் மட்டும் போதாது. விசாவுக்கு மனு போடும்போதே பிரெஞ்சு வகுப்பிலும் சேர்ந்துவிடுங்கள்.